முடக்குப் பெட்டி

“அது கெமராப் பெட்டிதான். கொழுந்து களவு போகுதுன்னு தோட்டத்துத் தொர ஆள் கூட்டியாந்து பூட்டியிருக்காரு,” என்றான் ஆட்டோ ஓட்டும் கணேஸ்.

“கெமரான்னா கண்ணு இருக்கணும்ல. இதுல எங்கடா கண்ணு?” என்று கேட்டாள் கலாராணி.

“உள்ளுக்குள்ள இருக்கும்.”

“உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டு என்னாத்தப் பாக்கும்? தகரத்தையா?”

கூடையை இறக்கி வைத்திருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். கணேசுக்கு முகம் போய்விட்டது. ஆட்டோ கண்ணாடியைத் துடைக்கிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டான்.

பன்விலயிலிருந்து ஏறி வரும் பஸ் தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் பாதை முழங்கையைப் போல மடங்கும். அதைத்தான் முடக்கு என்பார்கள். பஸ் நிற்பதும் அங்கேதான், ஆள் இறங்குவதும் அங்கேதான். முடக்கில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே பத்தாம் நம்பர் லயத்தின் தகரக் கூரை தெரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். எந்தக் காம்பராவில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டு வாசலில் ஆள் நிற்கிறது என்பதுவரை தெரியும்.

அந்த முடக்கில்தான் புதன்கிழமை பொழுதுக்குள் ஒரு பெட்டி முளைத்திருந்தது. காலையில் எல்லாரும் மலைக்குப் போகும்போது இல்லை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நிற்கிறது. அரிசிப் பெட்டி அளவில் சாம்பல் நிற இரும்பு. சிமெந்து போட்டு நிறுத்திய இரண்டு கால். தலையில் சின்னதாய் ஒரு கண்ணாடிப் பலகை. நெஞ்சில் பித்தளைப் பூட்டு. பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி புறப்பட்டு, பாதி தூரம் நீலக் குழாய்க்குள்ளும் மீதி தூரம் வெறுமனேயும் சரிவில் இறங்கி, லயத்தின் பின்பக்கம் அடித்திருந்த இரும்பு முளையில் முடிந்தது.

“தேயிலைக்கு ஒரம் போடுறதுக்கு மண்ணப் பாக்குற மிசினு,” என்றாள் ஒருத்தி.

“இல்லடி, காணி அளக்குறாங்க. ஏழு பேர்ச் தர்றேன் தர்றேன்னு சொன்னாங்கல்ல, அதுக்குத்தான்.”

“ஆமா, ஒனக்குக் குடுக்குறதுக்குப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்கான். சாவி ஒன் முந்தானையில பாரு.”

பாப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். ஐம்பத்தாறு வயது. அந்த லயத்தின் ஐந்தாம் காம்பராவுக்கு மருமகளாக வந்து, அங்கேயே இரண்டு பிள்ளை பெற்றவள். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“போற வர்ற எடத்துல வச்சும் பூட்டித்தான் வச்சிருக்கான்னா, நம்மளுக்குத் தெரியக்கூடாத சங்கதி,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஏழு மணி பஸ்ஸில் மகள் தர்ஷிகா வந்தாள். பல்லேகலயில் தைக்கிற வேலை. பெட்டியில் ஒட்டியிருந்த எழுத்தை அவளிடம் படிக்கச் சொன்னார்கள். அவள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

“சிங்களத்துல, பெட்டியத் தொட வேணாம்னு மட்டும் போட்டிருக்கும்மா. வேற ஒன்னுமில்ல.”

“தமிழ்ல?”

“தமிழ்ல தொடலாம் போல,” என்றாள் தர்ஷிகா.

*

அந்த வருஷம் மழை மனிதரைப் படாத பாடு படுத்தியது. முந்திய கார்த்திகையில் பெய்த பேய் மழை எத்தனையோ ஊரில் மலையைக் கரைத்துக்கொண்டு போனது. அதன்பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூறினாலும் சனம் தூங்காது. பத்தாம் லயத்தில் அடுப்புச் சாம்பல்கூட நமுத்துப்போயிருந்தது. மலையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு காயவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டிப் புகை மணத்தோடு போட்டனுப்பினார்கள்.

பெட்டி வந்து பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வெயில் அடித்தது. அடித்தது என்றால் அப்படி ஒரு வெயில். லயமே தலைகீழாகி வெளியே வந்தது. பாய், தலையணை, சாக்கு, பழைய துணி எல்லாம் கூரையிலும் கல்லிலும் தேயிலைச் செடியிலும் விரிந்தன.

பாப்பம்மா அலுமாரிக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கம்பளியை இழுத்தெடுத்தாள். கம்பளி யோகராஜுடையது. மூத்த பிள்ளை. போய் எட்டு வருஷமாகிறது. வருஷம் ஒருமுறை அதைப் பீலித் தண்ணிக்குக் கொண்டுபோய் அலசிக் காயவைத்து மடித்து வைப்பாள்.

“அத ஏம்மா இப்ப நனைக்கிறீங்க? காயாது,” என்றாள் தர்ஷிகா.

“காயும். வெயிலப் பாத்தியா.”

“அண்ணன் வந்து இதையா போத்தப் போகுது?”

“வந்தா எதப் போத்துவான்? ஒன் துப்பட்டாவையா?”

உள்ளே அவள் புருஷன் இராமையா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பற்றிய பேச்சு எழும்பினால் அந்த மனிதர் எதையாவது தேடத் தொடங்கிவிடுவார். அன்றைக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தேடினார். கத்தி கண்ணெதிரே சுவரில் தொங்கியது.

நனைந்த கம்பளி ஒரு ஆள் கனம் கனத்தது. லயத்துக் கொடியில் இடமில்லை. பாப்பம்மா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வந்த கம்பி, நல்ல முறுக்காக, வெயில் விழுகிற இடத்தில், இடுப்பளவு உயரத்தில் நின்றது.

“அடியே கலா, இதுல போடவா?”

“போடுங்க மைனி. பெட்டியத் தானே தொட வேணாம்னான். கம்பியத் தொட வேணாம்னானா?”

பாப்பம்மா கம்பளியைத் தூக்கிக் கம்பியில் போட்டாள்.

அவ்வளவுதான். முடக்கில் இருந்த பெட்டி அலறியது.

கொழுந்து லொறி ஹோர்ன் இல்லை, பெக்டரிச் சங்கு இல்லை. தகரத்தைத் தகரத்தால் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். கலாராணி பாய்ந்துபோய்க் கைக்குழந்தையைத் தூக்கினாள். லயத்தை விட்டு வெளியேறினால் போதும் என்று ஆள் ஆளுக்குப் படியேறி ஓடினார்கள். முடங்கிக் கிடந்த ராஜலிங்கம் கிழவரை இராமையா முதுகில் போட்டுக்கொண்டு ஏறினார். ஒருத்தி ரொட்டி சுட்ட தட்டோடு ஓடி வந்து, முடக்கில் நின்றபிறகுதான் கை சுடுகிறது என்று கத்தினாள்.

பெட்டி நிறுத்தவில்லை. கணேஸ் கல்லெடுத்துப் பூட்டை உடைக்கப் போனான்.

“கெமராவ ஒடைக்காதடா, ஒன் மூஞ்சி விழுந்திரும்,” என்றாள் கலாராணி. மூச்சு வாங்குகிற நேரத்திலும் அவளுக்கு அது வந்தது.

*

தொர போன் போட்டு, முக்கால் மணித்தியாலத்தில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் முதலில் கையைக் காதில் வைத்தான், பிறகு சாவியை எடுத்தான், பிறகு கீழே எட்டிப் பார்த்தான்.

“யா அல்லா! யாரு இதுல கம்பளி போட்ட?”

எல்லாரும் பாப்பம்மாவைப் பார்த்தார்கள்.

“நான்தாங்க மாத்தயா. காயப் போட்டேன்.”

“என்னய மாத்தயா கீத்தயா சொல்ல வேணாம் அம்மா. என்ட பேரு இப்ஹாம். அக்குறண. தமிழ்தான் பேசுற.” அவன் பூட்டைத் திறந்து எதையோ அழுத்தினான். சத்தம் நின்றது. சத்தம் நின்றபிறகுதான் குழந்தைகள் அழுவது கேட்டது. “இது என்ன சாமான்னு ஒங்களுக்கு ஒருத்தரும் செல்ல இல்லயா? ஒங்கட ஒபீஸுக்குக் கடதாசி குடுத்தோமே.”

“ஒபீசுல குடுத்த கடதாசி ஒபீசுலதான் இருக்கும். நாங்க மலையில இருப்போம்,” என்றார் இராமையா.

“அப்ப என்னதான் தம்பி இது?” என்றாள் பாப்பம்மா.

“மலை நடக்குதான்னு பாக்குற பெட்டி. மேல பெட்டி, கீழ முளை, நடுவுல கம்பி. மண்ணு எறங்கினா முளை எறங்கும். முளை எறங்கினா கம்பி இழுபடும். இழுபட்டா இது கத்தும். நீங்க பத்துக் கிலோ கம்பளியப் போட்டா அதுக்கு விளங்குமா, கம்பளியா மலையான்னு?”

கணேஸ் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். இப்ஹாமும் சிரித்துக்கொண்டே, “எடுங்க அதை,” என்றான். பாப்பம்மா இறங்கிப்போய்க் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரம் முதுகில் வழிய ஏறி வந்தாள்.

இப்ஹாம் பெட்டிக்குள் குனிந்திருந்தான். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியில் எண்கள். அவன் விரலால் தட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். மறுபடி தட்டினான். சிரிப்பு போய்விட்டது.

“கம்பளிய எடுத்துட்டீங்க தானே?”

“இந்தா தோள்ல இருக்கு.”

“வேற ஒன்னும் அதுல தொங்க இல்ல?”

“இல்ல தம்பி.”

“அப்ப இது பூச்சியத்துக்கு வரணும்.” அவன் நிமிர்ந்தான். “வர இல்ல. பதினாலுல நிக்கிது.”

“பதினாலு என்னா?”

“மில்லிமீட்டர்.” இப்ஹாம் பெருவிரலையும் சுட்டுவிரலையும் லேசாக விரித்துக் காட்டினான். ஒரு கொழுந்துக் காம்பின் நீளம்கூட இல்லை. “இவ்வளவு. பதினோரு நாளைக்குள்ள ஒங்கட லயம் இவ்வளவு கீழ போயீக்கி அம்மா. கம்பளி போடாட்டி நான் இன்னம் ரெண்டு கிழமைக்கு இந்தப் பக்கமே வந்தீக்க மாட்டேன்.”

எல்லாரும் கீழே எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு காம்பராவும் வெயிலில் சாவகாசமாகக் கிடந்தன. கூரையில் விரித்த பாய்களும் தலையணைகளும் அப்படியே இருந்தன.

*

நாலு நாளுக்குள் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய பெக்டரியின் ஸ்டோரைக் கூட்டித் தட்டியடித்துத் தருகிறார்களாம். இரண்டு கட்டை தூரம், அடுத்த மலைக்குப் பின்னால். பிறகு ஒருநாள் வீடு. சனம் முனகிக்கொண்டே மூட்டை கட்டியது. ஐந்தாம் காம்பராவில் மட்டும் ஒன்றும் அசையவில்லை.

“நீங்க போங்க. நான் வரல,” என்றாள் பாப்பம்மா.

“என்னாம்மா பேசுறீங்க? மண்ணுக்குள்ள போறதுக்கா?” தர்ஷிகாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“அவன் வந்தா?”

“வந்தா கேட்டு வருவான்.”

“கேக்க மாட்டான். ஒனக்குத் தெரியாது அவன. பள்ளிக்கூடத்துல கொப்பி தொலைஞ்சாக்கூடக் கேக்க மாட்டான். முடக்குல எறங்குவான். எட்டிப் பாப்பான். அடுப்பு எரியிதா, அம்மா நிக்கிதான்னு பாப்பான். நின்னாத்தான் எறங்குவான். இருட்டிக் கெடந்துச்சுன்னா அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிருவான்.”

எட்டு வருஷத்துக்கு முன்னால் யோகராஜுக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியச் சொன்னார் இராமையா. மாட்டேன் என்றான் அவன். பேச்சு வளர்ந்தது. “அப்ப இந்தப் படிய மிதிக்காத,” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். கண்டியில் ஒரு துணிக்கடையில் நிற்பதாக, கணேசின் போனுக்கு மூன்று தடவை எடுத்துச் சொன்னான். பிறகு கணேசின் போன் மழைத் தண்ணியில் விழுந்து நம்பரே மாறிப்போனது. இராமையா கண்டிக்குப் போய் மூன்று நாள் மார்க்கெட்டுக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கும் நடுவே உள்ள கடைகளிலெல்லாம் ஏறியிறங்கினார். கொழும்புக்குப் போய்விட்டான் என்றது ஒரு கடை. கட்டாருக்கு என்றது இன்னொரு கடை. அப்படி ஆளே இல்லை என்றது மற்றது.

அவனிடம் இருக்கிற விலாசம் இந்த முடக்கும் இந்தக் கூரையும்தான். அதனால்தான் எட்டு வருஷமாக அந்தி பஸ் சத்தம் கேட்டால் பாப்பம்மா வாசலில் வந்து நிற்கிறாள். கையில் வேலை இருந்தாலும் நிற்பாள். காய்ச்சல் என்றாலும் நிற்பாள்.

மூன்றாம் நாள் மழை மறுபடி பிடித்தது. பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. இராமையா அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு வந்து அவள் முன்னால் குந்தினார்.

“இந்தா, எழும்பு.”

“நீங்கதானே படிய மிதிக்காதன்னீங்க. இப்பப் படியே போகப் போகுது,” என்றாள்.

எட்டு வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இராமையா எதையும் தேடவில்லை.

“நீயும் போயிட்டீன்னா, அவன் வந்து நிக்கையில நான் தனியா என்னா சொல்லுவேன்?” என்றார்.

அந்தப் பேச்சுக்குத்தான் பாப்பம்மா எழுந்தாள். கம்பளியை மட்டும் தானே தூக்கிக்கொண்டாள். அது இன்னும் சரியாகக் காயவில்லை.

*

அவர்கள் போய் ஆறாம் நாள் லயத்தின் தொங்கலில், கடைசியாக இருந்த மூன்று காம்பராவும் சரிந்து இறங்கின. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாம் காம்பரா கூரை முறிந்து, முன்படி மட்டும் தனியே நின்றது.

பாப்பம்மா வேலை முடிந்ததும் ஸ்டோருக்குப் போகாமல் நேரே முடக்குக்கு வருவாள். அந்தி பஸ் வந்து போகும்வரை பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள். பிறகு இரண்டு கட்டை நடந்து போவாள். சனம் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. கலாராணி மட்டும், “மைனி பெட்டிக்குக் காவல் நிக்கிறாங்க,” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்ஹாம் வந்தான். கையில் பெயின்ட் டப்பாவும் தூரிகையும். தர்ஷிகாவும் இராமையாவும் அன்று கூட இருந்தார்கள்.

“நல்லதாப் போச்சு. ஒங்களத்தான் பாக்கணும்னு வந்த. இந்தப் பெட்டி கத்தினா எங்களுக்குக் கோல் எடுக்குறதுக்கு ஊர்ல ஒரு ஆள் வேணும். கம்பியில மாடு கட்டாம, காய்ஞ்ச மிலார் வெறகு சாத்தாம...” பாப்பம்மாவைப் பார்த்துச் சிரித்தான். “கம்பளி போடாம பாத்துக்கொள்ளணும். அந்த ஆள்ட பேரையும் போன் நம்பரையும் பெட்டியில எழுதணும். மூனு பாஷையிலயும்.”

“பெட்டியிலயா?” என்றாள் பாப்பம்மா.

“ஓ, முன்னுக்கு. போற வாற ஆக்களுக்குத் தெரியிற மாதிரி.”

“இது இங்கனயே இருக்குமா தம்பி? கழட்டிக்கிட்டுப் போயிர மாட்டீங்களே?”

“லயம் போனாலும் இது இங்கதான் அம்மா. இந்த எடம் பாறை. பாத்துத்தான் வச்சீக்கோம்.”

பாப்பம்மா பெட்டியின் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் நேராகப் பார்த்தால் அதுதான் தெரியும்.

“அப்பாட பேரப் போடுவோமா? என்ன பேரு?” என்று இப்ஹாம் இராமையா பக்கம் திரும்பினான்.

இராமையா ஓரடி பின்னால் போனார். “என் பேரு வேணாம் தம்பி.”

“ஏன்? ஆம்பள ஆள்ட பேருதான் எல்லா எடத்திலயும் போட்டீக்கி.”

“என் பேரப் பாத்தா அவன் திரும்பிப் போயிருவான். இவ பேரப் போடுங்க.”

இப்ஹாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தர்ஷிகா மெதுவாக அவனுக்குச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு டப்பா மூடியைத் திறந்து தூரிகையைத் தோய்த்தான்.

“எங்கட உம்மாவும் இப்பிடித்தான். நான் வரச் சொணங்கினா கேட்டுல நிப்பாங்க,” என்றான். பிறகு, “அம்மா, முழுப் பேரு செல்லுங்க,” என்றான்.

“முழுப் பேரு போட்டா அவனுக்கு யாரோன்னு தோணும். பாப்பம்மா, பத்தாம் லயம், அஞ்சாம் காம்பரான்னு போடுங்க.”

“லயம்தான் இல்லயே அம்மா.”

“அவனுக்கு இருக்குல்ல.”

இப்ஹாம் சிங்களத்தில் எழுதினான், இங்கிலீசில் எழுதினான். தமிழ் வரியை மட்டும் கொஞ்சம் பெரிசாக எழுதினான். கீழே போன் நம்பர். அடுத்த மாசம் மிச்சக் கம்பிக்கும் குழாய் போட வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெயின்ட் காயும்வரை மூவரும் நின்றார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

“ஒன் போனக் குடு,” என்றாள் பாப்பம்மா.

“எதுக்கும்மா?”

“குடுடி.”

தர்ஷிகாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாத ஒரு ஆள் படிக்கிற மாதிரி, பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினாள். தன் நம்பர் அவளுக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு காதில் ஒன்று, மறு காதில் ஒன்று.

“ஹலோ,” என்றாள். “ஆமாங்க, பாப்பம்மாதான்... யாரு பேசுறீங்க?”

அதற்கு மேல் யார் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தர்ஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இராமையா கையை நீட்டினார். மகளின் போனை வாங்கிக்கொண்டு பத்தடி நடந்து, பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து கீழே பார்த்தார். முறிந்த கூரையும் தனிப்படியும் தெரிந்தன. போனைக் காதில் வைத்து இருமினார். பாப்பம்மாவின் காதுக்குள் அந்த இருமல் கேட்டது.

“ம், சொல்லுங்க.”

“வந்து... அவன் கோல் எடுத்தான்னா,” என்றது போன், “அப்பா வரச் சொன்னாருன்னு சொல்லு.”

காதுக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரி, மூச்சு உட்பட, தெளிவாகக் கேட்டது. பாப்பம்மா போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கல,” என்றாள். “சத்தமாச் சொல்லுங்க.”